எள்ளளவு மனிதனும் ஜெசிந்தா அக்காவும்

பள்ளி விட்டு வந்தபோது ஆறாம் நம்பர் வீடு திறந்திருந்தது. உள்ளே முகம் தெரியாத ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்காவின் தம்பி என்றார். காய்ச்சலோடு நாகர்கோவில் பக்கம் ஊருக்குப் போன அக்கா இறந்து ஒரு வாரம் ஆகிறது, அடக்கமும் முடிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்ய வந்தேன் என்றார். வீடு பூட்டிக் கிடந்த அத்தனை நாளும் நம் லைன் வீடுகளில் ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதுவது, நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள் என்பதால். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது.

அக்காவும் என் அப்பாவும் நல்லூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அக்கா, துணியில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங்கில். அப்பா, பனியனில் படம் அச்சிடும் பிரிண்டிங்குக்குப் பிலிம் தயாரிப்பவர். போன வருடம் வெளிநாட்டிலிருந்து பனியனில் அச்சிட ஒரு பழைய படம் ஆர்டரோடு வந்தது. நூறு வருடத்துக்கும் முந்தையது. குன்றின்மேல் ஒரு மரம், புயலில் வேரோடு பெயர்வதுபோல் வளைந்து நிற்கும். சாய்ந்த கோடுகளாக மழை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கி எடுக்கும் முறை அது என்று நூலகத்தில் படித்து அக்காவிடம் சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாம ஊசிய வச்சு துணி தைக்கோம். அவன் ஊசிய வச்சே காத்தடிக்க வச்சிருக்காம்லா" என்றார்.

பிலிமில் தூசியால் விழும் கரும்புள்ளிகளைப் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த வேலையை வீட்டில் செய்தார். அவர் டீ குடிக்க எழுந்தபோது மரத்தடியில் இன்னும் ஒரு புள்ளி இருப்பதைப் பார்த்தேன். சொல்லாமலே சுரண்டிவிட்டேன். உதவி செய்துவிட்டதாகப் பெருமையாக இருந்தது.

அது தூசியல்ல, மனிதன். எள்ளளவு உயரம், காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்பவன்.

கம்பெனியில் அதைக் கண்டுபிடித்தவர் அக்கா. நான் சொன்ன கதையால் அசல் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்குள் அரை நாள் பிரிண்டிங் முடிந்திருந்தது. அத்தனூண்டு ஆளைப் பனியனில் எவனுங்க பார்க்கப் போறான் என்று சூப்பர்வைசர் கேட்டாராம். அக்கா விடவில்லை. அச்சடித்த துணித் துண்டுகள் எல்லாம் ரிஜெக்ட் ஆயின. அப்பாவைப் பிலிம் மேசையிலிருந்து கலர் கலக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். தன் கைதான் தவறிவிட்டது என்று அப்பா நம்பினார்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். "கூட வேலை செய்யற அண்ணனையே மாட்டிவிட்டவ" என்றோம். அம்மா குழம்புக் கிண்ணம் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார். அக்கா குடத்தோடு வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது.

நான் ஒருநாள் அக்காவின் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை.

"அந்த ஆளு இல்லாட்டா அது வெறுஞ் செடிதாம்ட்டி. ஆளு நின்னாத்தான் மரம் எவ்வளவு பெருசு, காத்து எவ்வளவு பெருசுன்னு தெரியும். அதான் விடல" என்றார். பிறகு, "உங்கப்பாட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கோள் சொன்னதாயிரும்."

அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சொல்லிட்டியாட்டி?" என்று மெதுவாகக் கேட்பார். நாளைக்குச் சொல்கிறேன் அக்கா என்பேன். ஒரு சொல்லில் அக்கா தன்மேல் இருந்த பழியைத் துடைத்திருக்கலாம். பத்து மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியாக, ஊருக்குப் போகப் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அக்கா கேட்கவில்லை, சிரித்தார். கேட்காததே நல்லது என்று நினைத்துக்கொண்டு நான் நடந்துவிட்டேன்.

இதை எழுதும் முன் அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள இருக்கறப்பவே சொல்லியிருந்தீன்னா, ஊட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டிருப்பனே கண்ணு" என்றார்.

அக்காவின் வீட்டுச் சுவரில் ரிஜெக்ட் ஆன துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அக்காவின் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். புயல் இருக்கிறது, மரம் இருக்கிறது. மரத்தடியில், ஆள் இல்லாத இடத்தைக் காட்டி, குறை இருக்குமிடத்தில் செக்கிங்கில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பசை காய்ந்து ஓரம் தூக்குகிறது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அதை விரலால் அழுத்திவிடுகிறேன்.