தானாக ஓடாத வண்டி

நான் நினைவிழந்து கிடந்தபோது என் சார்பில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. ஒரு தரப்பு என் மனைவி. மறு தரப்பு முருகப்பெருமான். மழை பெய்த ஒரு காலையில், சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சந்திப்பில், என் மோட்டார் சைக்கிளும் ஒரு லோரியும் சந்தித்துக்கொண்டன. மூன்று நாள் நான் கண் திறக்கவில்லை. "இவரு எழுந்து நடந்தா, தானா ஓடுற வண்டிய இனிமே ஓட்டவே மாட்டாரு" என்று அவள் வேண்டிக்கொண்டாள். நான் எழுந்தேன், நடந்தேன். முருகன் தமது பங்கைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டதால் எஞ்சியது என் பங்கு மட்டுமே. கலந்து பேசப்படாத தரப்பினன் என்ற முறையில் எனக்குச் சில மாற்றுக் கருத்துகள் இருந்தன. ஆயினும், உயிரோடிருப்பவன் அவற்றை எழுப்புவது நாகரிகமன்று என்று விட்டுவிட்டேன்.

அன்றுமுதல் ஏழாண்டுகள், பிரிக்பீல்ட்ஸில் திருகாணியும் ஆணியும் விற்ற ஒரு கிடங்கிற்குச் சாதாரண மிதிவண்டியில் சென்று வந்தேன். அங்கே நான் ஸ்டோர் கிராணி, அதாவது சரக்குக் கணக்கு எழுதுபவன். வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. காரில் செல்வோர் அதனைப் பாலம் என்று அறிவர். மிதிப்பவன் மட்டுமே அதனை மலை என்று அறிவான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஓய்வு பெற மூன்றாண்டுகள் இருக்கும்போது, விபத்தில் அடிபட்ட என் வலது முழங்கால் அந்த மலையை ஏற மறுத்தது. மினி பஸ்ஸை முயன்று பார்த்தேன். அக்காலத்து மினி பஸ் பயணிக்காக வேகத்தைக் குறைக்குமேயன்றி நிற்பதில்லை. ஏறுபவன் பாய்ந்து ஏற வேண்டும். பாயக்கூடிய முழங்கால் இருந்தால் எனக்குப் பஸ்ஸே தேவைப்பட்டிராது. ஆக, வேறு வழி கிடைக்காவிட்டால் வேலையை விடுவது என்ற நிலைமை உருவாயிற்று.

கிள்ளானில் ஒரு சைக்கிள் கடையில் மின்சார மிதிவண்டி வந்திருப்பதாகக் கிடங்கின் லோரி ஓட்டுநர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல், அங்கே போனேன். கடைக்காரர் நாற்பது வயதுத் தமிழர். சங்கிலி எண்ணெய் படிந்த கையோடு என்னை வரவேற்றார். அவரிடம் இரண்டே வண்டிகள் இருந்தன. ஒன்று தைவானிலிருந்து வந்தது. அதன் மோட்டார் முன்சக்கரத்தின் நடுவே, குடத்திற்குள், உருண்டையாக அமர்ந்திருந்தது. கைப்பிடியைத் திருகினால் போதும். காலை ஆட்டாமலே ஓடும். மற்றது ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. அதன் மோட்டார் மிதிகள் சுழலும் அச்சின்மேல் பொருத்தப்பட்டிருந்தது. நாம் மிதித்தால் அதுவும் சேர்ந்து மிதிக்கும். நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும்.

"ரெண்டுல எது நல்லது தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே நல்ல சாமான் லா அங்கிள். இது சோம்பேறிக்கு, அது உழைப்பாளிக்கு. நீங்க யாரு?"

நான் யார் என்பதுதான் என் சிக்கலாக இருந்தது. மிதியச்சு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அது உதவியது, ஆனால், எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அவ்வளவே உதவியது. முழங்காலைக் காப்பாற்ற வேண்டிய வண்டி முதலில் முழங்காலிடம் அனுமதி கேட்டது. குடமோட்டார் வண்டியோ எதையும் கேட்காது. ஆனால் அது தானாக ஓடுகிறது. தானாக ஓடுவதை ஓட்டக்கூடாது என்பதே ஒப்பந்தம். எது என் காலுக்கு ஏற்றதோ அது வேண்டுதலுக்கு ஆகாது. எது வேண்டுதலுக்கு ஆகுமோ அது என் காலுக்கு ஏற்றதன்று.

இத்தகைய நுட்பமான வழக்கில் தக்கவரிடம் தீர்ப்புக் கேட்பதே முறை என்று கருதி, எங்கள் வட்டாரத்துக் கோயில் குருக்களை அணுகினேன். அவர் மூன்று கோயில்களுக்குப் பூசை செய்பவர். ஒரு கோயிலிலிருந்து மற்றொன்றுக்குப் பழைய ஹொண்டாவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பறப்பவர். நான் இரு வண்டிகளின் இயல்பையும் விளக்கியதை அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"மிதிக்கலேன்னா அது போகுமோ?"

"ஜப்பான் வண்டி போகாது சாமி. தைவான் வண்டி போகும்."

"அப்போ ஜப்பான் வண்டிக்குத் தோஷமில்ல. தைவான் வண்டி தோஷம்" என்று அருளிவிட்டு, ஹொண்டாவை உதைத்துக் கிளப்பி, அடுத்த பூசைக்குச் சென்றார்.

தீர்ப்பு தெளிவாகவே இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிள்ளானுக்குச் சென்று, குடமோட்டார் வண்டியைக் கடையின் பின்சந்தில் எடுத்து, இதுவரை எழுதவே கூசியிருந்த ஒரு காரியத்தைச் செய்தேன். கைப்பிடியைத் திருகியபடியே கால்களையும் வெறுமனே சுழற்றினேன். தெருவில் நின்று பார்ப்பவருக்கு நான் மிதிப்பதாகவே தோன்றும். வீட்டு வாசலிலிருந்து பார்ப்பவருக்கும் அப்படியே தோன்றும். கடைக்காரர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"அங்கிள், யாருக்கு இந்தக் கூத்து? போலீசுக்கா?"

"வீட்டுக்கு."

"அய்யோ! போலீஸ்னா கூட சமாளிச்சிடலாம் லா."

எனினும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் சென்று ஒத்திகை பார்த்தேன். பாலத்தின் ஏற்றத்தில் எத்தனை வேகத்தில் கால் சுழல்வது இயல்பாகத் தெரியும் என்பதுவரை தேறிவிட்டேன். அன்று மாலை வீடு திரும்பியபோது என் மனைவி சமையலறைத் தரையில் அமர்ந்து நெத்திலிக் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரமா ஞாயித்துக்கிழமை எங்கங்க போறீங்க?" தலை நிமிராமல் கேட்டாள்.

மறைப்பதில் பயனில்லை என்று உணர்ந்து, எல்லாவற்றையும் முறைப்படி எடுத்துரைத்தேன்: முழங்கால், மேம்பாலம், குடம், மிதியச்சு, குருக்களின் தீர்ப்பு. ஒத்திகையை மட்டும் சுருக்கமாகக் குறிப்பிட்டேன். அவள் ஒரு கைப்பிடி நெத்திலியை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"வேண்டிக்கிட்டது யாரு?"

"நீதான்."

"அப்புறம் கடைக்காரர்கிட்ட கேட்டிருக்கீங்க, அய்யருகிட்ட கேட்டிருக்கீங்க. நான் என்ன நெனச்சு வேண்டிக்கிட்டேன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஏழாண்டுகளாக நான் அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதனைச் சொன்னவளிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

"அன்னிக்கு அந்த லோரிய ஓட்டினவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. உங்களுக்குத் தெரியாது. அழுதுகிட்டே சொன்னாரு, 'அக்கா, நான் நின்னுகிட்டுதான் இருந்தேன். அண்ணன்தான் நிக்க முடியாம வழுக்கிட்டு வந்து லோரிக்கு அடியில போயிட்டாரு'ன்னு. பிரேக் தேஞ்சு போச்சு, மாத்தணும்னு ஒரு மாசமா சொல்லிட்டிருந்தீங்களே, மாத்துனீங்களா? தானா ஓடுறதப் பத்தி எனக்கு என்ன? தானா ஓடுறது நிக்காம போயிடுமேன்னுதான் பயம்."

லோரி என்னை இடித்தது என்றே அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அவளும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கிள்ளானுக்கு வந்தாள். கடையில் நுழைந்ததும் மோட்டார் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. "எங்க நிக்கும்?" என்றாள். பின்சந்து லேசாகச் சரிவானது. காலையில் பெய்த மழையில் நனைந்திருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தரையில் கோடு கீறி, கோட்டுக்குச் சற்றுக் கீழே அவளே நின்றுகொண்டாள்.

"மேல இருந்து வேகமா வாங்க தம்பி. கோட்டுல நிறுத்துங்க."

"அக்கா, தள்ளி நில்லுங்க லா! எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு!"

"அப்ப ஒழுங்கா நிறுத்துவீங்க. வாங்க."

கடைக்காரர் முதலில் குடமோட்டார் வண்டியில் வந்தார். பிரேக்கைப் பிடித்தார், ஆனால் திருகிய கைப்பிடி திரும்பி வரும்வரை மோட்டார் ஒரு கணம் முன்னே உந்தியது. கனத்த முன்சக்கரம் ஈரத்தில் வழுக்கிக் கோட்டைத் தாண்டிற்று. என் மனைவி சேலையைப் பற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். கடைக்காரரின் முகம் வெளுத்திருந்தது. அடுத்து மிதியச்சு வண்டி. கோட்டுக்கு முன்பே அவர் காலை நிறுத்தினார். அக்கணமே மோட்டாரும் அடங்கியது. வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னதாகவே நின்றது.

"கால் நின்னா இதுவும் நின்னுடுது. இது போதும்" என்றாள்.

"முட்டி வலிக்குமே?" என்றேன், கடைசி முயற்சியாக.

"வலிச்சா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. உயிரு போனா எறங்கவும் முடியாது, தள்ளவும் முடியாது."

கடைக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டே என் காதருகில், "அங்கிள், நான் அப்பவே சொன்னேன்ல, போலீஸே பரவால்லன்னு" என்றார். பின்னர், ஏற்றத்தில் மிக இலேசான கியரில் வைத்து மெதுவாக மிதித்தால் முழங்காலுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் கூறினார். இதை மூன்று வாரத்திற்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "நீங்கதான் அந்த வண்டிய மறுபடி தொடவே இல்லையே" என்றார்.

ஜப்பான் வண்டியையே வாங்கினோம். தமது தீர்ப்பை நான் ஏற்றுக்கொண்டதாகக் குருக்கள் பலரிடமும் சொல்லி மகிழ்ந்தார். அது தவறென்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. விளக்கினால் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓய்வு பெறும் நாள்வரை அந்த வண்டியிலேயே வேலைக்குச் சென்றேன். அது என்னைத் தினமும் மேம்பாலத்தின் உச்சிவரை ஏற்றியது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. உள்ளபடி சொன்னால், முக்கால் பங்குவரை அது என்னை ஏற்றியது. மீதிக் கால் பங்கு தூரம் நான் இறங்கி அதனை ஏற்றினேன்.