கீழ்க்குரல்

செம்பூரில் மகளுக்குச் செருப்பு வாங்கப் போன கடையில் புதுத்தோல் வாசனை வந்ததும், தாராவியில் என் தோழி எஸ்தரின் அப்பா நடத்திய தோல் பட்டறைக்கே போய்விட்டேன். மழை வெள்ளத்தில் சர்ச் ஆர்மோனியம் ஊறிப்போன வருஷம், "பெட்டி போனா என்னட்டி, தொண்டை இருக்குல்லா?" என்று எஸ்தர் சொல்ல, தையல் மிஷின்கள் ஓய்ந்த சாயங்காலங்களில் சர்ச்சில் பாடிவந்த நாங்கள் நாலு பேரும் தோல்கட்டுகள் மேல் உட்கார்ந்து, ஒருத்தி மூச்சை ஒருத்தி கவனித்து, மேலும் கீழுமாய் நாலு குரலில் பாடப்பாட, வாத்தியமே இல்லாத எங்கள் பாட்டுக்குழு உண்டானது. பிறகு பட்டறையோடு எங்கள் வீடுகளையும் இடித்தார்கள். உல்லாஸ்நகர், டிராம்பே என்று ஆளுக்கொரு பக்கம் போனோம்.

வீட்டுக்கு வந்து என் பங்கான கீழ்க்குரலை மட்டும் பாடிப் பார்த்தேன்.

"என்ன பாட்டும்மா இது? ட்யூனே இல்லையே" என்றாள் மகள்.

மற்ற மூவரும் சேர்ந்துகொள்ளும் இடம் வந்ததும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, நிறுத்திக்கொண்டேன்.