பாண்டுரங்கனின் நரம்பு வழிமாறிய கதை

விழுப்புரம்–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் பாண்டுரங்கனுக்கு விசில் ஊதுவது கௌரவக் குறைவு. பக்கத் தகரத்தை ஓங்கித் தட்டுவார், வண்டி நிற்கும். 1998இல் ஒரு நாள் கூட்டேரிப்பட்டில் அப்படித் தட்டியபோது, பிய்ந்து நின்ற தகரம் வலது மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது. தைத்துச் சேர்த்தார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. டிக்கெட் கிழிக்க வராது. டாக்டர் சரியென்று எழுதிக் கொடுத்தால் வண்டி, இல்லாவிட்டால் டிப்போ வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல். நாளெல்லாம் ஊரோடு வாயாடிப் பழகிய மனுஷனுக்கு அந்த ஸ்டூல் ஜெயில் மாதிரி.

"நரம்பு வளரும்ங்க," என்றார் டாக்டர் ஷாலினி. "அதோட நுனியில குட்டிக் குட்டிப் புரதம் இருக்கு. ஒண்ணு நீளச் சொல்லும், ஒண்ணு திரும்பச் சொல்லும், ஒண்ணு நிறுத்தும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்."

"எங்க டிரைவரே அதவிட ஜல்தியா போவாருங்க."

தினமும் காலையில் உள்ளங்கையைத் தட்டிப் பார்ப்பார். சுர்ரென்ற இடம்வரை நரம்பு வந்திருக்கிறது என்று அர்த்தமாம். புரதங்களைச் சோம்பேறிக் கழுதைகள் என்று திட்டியே எட்டு மாதம் ஓடியது. உணர்ச்சி வந்தது, ஆனால் தப்பான வீட்டுக்கு. மனைவி வடிவு ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் உறைத்தது. நடுவிரலைத் தொட்டால் கட்டைவிரலில்.

"திண்டிவனம் போடான்னா மரக்காணத்துல எறங்கிக்கினு நிக்குதுங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி விரலைத் தொடுவார், எந்த விரல் என்று சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. பாண்டுரங்கன் ஏமாற்றுவதென்று முடிவு கட்டினார். வடிவு விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்க, மூன்று மாதம் மனப்பாடம் செய்தார்: நடுவிரலில் உறைத்தால் ஆள்காட்டி என்று சொல், கட்டைவிரலில் உறைத்தால் நடுவிரல்.

பரீட்சையில் பத்துக்குப் பத்து. டாக்டர் பேனாவை எடுத்ததும் மனசு உறுத்தியது.

"மேடம், நான் பிராடு பண்ணிட்டேங்க. எல்லாம் எடம் மாறித்தான் தெரியுது. வீட்ல குச்சியால தொட்டுத் தொட்டு மனப்பாடம் பண்ணி மாத்தி மாத்திச் சொன்னேன்."

அவர் கண்ணை மூடித் தலை குனிந்திருக்கும்போதே டாக்டர் அவருடைய வலது கை விரல் ஒன்றைத் தொட்டார். "இது எது?"

"ஆள்காட்டி," என்றார், யோசிக்காமலே. பிறகுதான் திகைத்தார்: மாற்றிச் சொல்லத் தேவையே இல்லாமல், தொட்ட ஆள்காட்டியிலேயே உறைத்திருந்தது.

"தப்பான எடத்துக்குப் போன நரம்பைத் திருப்ப முடியாதுங்க. மூளைதான் பழகணும். நீங்க வீட்ல பண்ணதுதான் அதுக்குப் பயிற்சி. பரீட்சை முடிஞ்சதும் அதைச் சொல்லித் தரலாம்னுதான் இருந்தேன்." டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பாண்டுரங்கன் வெட்கமில்லாமல் அழுதார். வெளியே காத்திருந்த வடிவிடம், "நாம பண்ணது பிராடு இல்லியாம், வைத்தியமாம்," என்றார்.

"அந்தம்மா மொதல்லியே சொல்லக்கூடாதா? மூணு மாசமா பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கினு இருந்தோம். தெருவே என்னப் பாத்துச் சிரிக்குது."