சூரிய அடுப்புக்குப் போன போசி

என் மகளின் பள்ளியில் சூரிய அடுப்பு செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் வரவழைத்த பொட்டலத்துக்குள் அட்டை, வெள்ளித்தாள், கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக், கூடவே சின்ன டப்பாவில் கறுப்பு பெயிண்டும் இருந்தது. அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏழாவது படித்தபோது எங்கள் வீட்டில் கறுப்புக்குப் பஞ்சமே இல்லை. கடைசி நேரத்தில் அதுதான் கிடைக்காமல் போனது.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றிய அளவிலான அறிவியல் கண்காட்சிக்கு என்னை அனுப்புவதென்று எங்கள் அறிவியல் டீச்சர் முடிவு செய்தார். அதில் தேறினால் தருமபுரியில் மாவட்டக் கண்காட்சி. எனக்கு அதுதான் குறி. டீச்சரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதுவரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

மளிகைக் கடையிலிருந்து சித்தப்பா அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். பிரியாணி கட்டும் வெள்ளித்தாளை உள்ளே ஒட்டினோம். மேலே மூடுவதற்குப் பழைய முருகன் படத்தின் கண்ணாடி. கண்காட்சி முடியும்வரை முருகன் வெறுங்காகிதமாக அலமாரிக்குள் இருக்கட்டும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

உள்ளே வைக்கும் பாத்திரத்தின் வெளிப்புறம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்ளும், பளபளப்பு திருப்பி அனுப்பிவிடும். எங்கள் வீட்டில் விறகடுப்பில் வெந்நீர் வைக்கும் சின்ன அலுமினியப் போசி ஒன்று இருந்தது. அதைவிடக் கறுப்பான பாத்திரம் ஊரில் யார் வீட்டிலும் இருந்திருக்காது.

கண்காட்சிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் சோதித்தோம். போசியில் சாமையும் தண்ணீரும் போட்டு மூடி, பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடியால் மூடினேன். உச்சிவெயில் சாய்வதற்குள் சாமை மலர்ந்து வெந்திருந்தது. நான் அடுப்பங்கரையில் வேகவைத்து மேலே தூக்கிவந்துவிட்டதாக சித்தப்பா ஊருக்கே கேட்கும்படி சொன்னார். அம்மா மட்டும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பிறகு அந்தச் சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, வெயிலிலேயே வெந்தது என்று தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டப் போய்விட்டாள்.

வெள்ளித்தாள் என்ன செய்கிறது, கண்ணாடி என்ன செய்கிறது என்று சித்தப்பாவுக்கு நான் பெரிய பாடமே நடத்தினேன். அம்மாவிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் போசியும் வேண்டும் என்றேன்.

“வூட்ல வேற போசியே இல்லையா கண்ணு?”

“இல்ல, இதுதான் வேணும்” என்றேன். அளவு சரியாக இருக்கிறது போலும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் சாமை போட்ட போசியை அம்மா துண்டில் மூட்டையாகக் கட்டி, சித்தப்பாவின் வண்டியில் என் மடியில் வைத்தாள். கண்காட்சி நடந்த பள்ளி மைதானத்தில் பெட்டியை வெயிலுக்குத் திருப்பி வைத்துவிட்டு மூட்டையை அவிழ்த்தேன். போசி பளபளவென்று மின்னியது. குனிந்து பார்த்த டீச்சரின் முகம் அதில் தெரிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் கரியோடு வாசலைத் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போகும் கிண்ணமானாலும், மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும் பானையானாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பிறகுதான் வெளியே போகும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் போசியை அம்மா சும்மா விடுவாளா? நான் எழுந்திருக்கும் முன்பே விளக்கி முடித்திருக்கிறாள்.

கரி தேடி சித்தப்பா டீக்கடைக்கு ஓடினார். அங்கே கேஸ் அடுப்பு. அவர் வெறுங்கையோடு திரும்பிவர, பளபளத்த போசியிலேயே தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். உச்சிவெயில் சாயும் நேரத்தில் நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சாமை போட்டது போட்டபடி அடியில் கிடந்தது. ஏன் வேகவில்லை என்று ஒருவர் கேட்டார். எனக்கு விடை நன்றாகத் தெரியும்.

“எங்கம்மா போசிய வெளக்கிட்டாங்க சார்” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தருமபுரிக்கு வேறு பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் காற்றாலையோடு போனான். வண்டியில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

சித்தப்பா நடந்ததை நடித்தே காட்டினார். கறுப்பு ஏன் வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் அம்மா முதல்முறையாகக் கேட்டாள். “கரியோட எப்பிடிங்க பள்ளிக்கொடத்துக்குக் குடுத்தனுப்பறது?” என்று அவரிடம்தான் கேட்டாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அதன்பிறகு அந்தப் போசியை அம்மா வெளியே தேய்க்கவே இல்லை. மற்ற பாத்திரங்கள் எல்லாம் அலமாரியில் மின்ன, அது மட்டும் நாளுக்கு நாள் கரியேறி அடுப்போரம் கிடந்தது. ஊரிலிருந்து வந்த அத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இதை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறாய் என்று தேய்க்க எடுத்தாள். “அது அப்பிடியே இருக்கட்டுங்க” என்று அம்மா அத்தையின் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டாள். போசியின் மேலும் என் மேலும் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு நான் பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டி மழைநீர் சேகரிப்பு செய்துகொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

“இந்த வருசம் வெயில்ல சோறு வேவ வெக்கலையா கண்ணு?”

“அது பழசும்மா” என்றேன், தலை நிமிராமல்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, அந்தப் போசி பளிச்சென்று அலமாரியில் மற்ற பாத்திரங்களோடு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் கோபம் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாக விளையாடப் போனேன்.