கருகல் வாடை

பெலிசியா இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆகிவிட்டது; பெட்டி ஆறிக் கிடக்கிறது. இருந்தாலும் அகலமான பக்கத்தை முகர்ந்து, கூர்முனையை முகர்ந்து, பிறகு என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "டீச்சர், நீங்க ஒருவாட்டி பாருங்க. எதுனா வருதா?" எனக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ். மல்லிகைப் பூவையும் மண்ணெண்ணெயையும் கண்ணால் பார்த்துத்தான் வித்தியாசம் சொல்வேன். ஆனாலும் நான் மூக்கை உறிஞ்சிக் காட்டி "ஒண்ணும் வரலை" என்று சொன்னால்தான் அவள் அடுத்த துணியை விரிப்பாள்.

எங்கள் ஊரான குடிகாட்டில், தெருவுக்கும் ரசாயனக் கம்பெனிகளுக்கும் நடுவே கொஞ்சம் வேலிக்கருவேலும் ஒரு மதில் சுவரும் மட்டுமே உண்டு. பெலிசியாவின் வீடு தெருவின் கடைசி. முன்னறையில் ஒரு பழைய டைனிங் டேபிள், அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, அதற்கும் மேலே ஒரு வெள்ளை வேட்டி. அங்கே நின்றுதான் அவள் தெருவில் பாதிப் பேருடைய துணிகளைத் தேய்க்கிறாள். மாதா கோயில் பீடத் துணிகளும் அங்கேதான் வரும். நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டு, கழுத்தில் மாதா படம் தைத்த, நிறம் மங்கிய உத்தரியக் கயிறு, ஒல்லியான கைகள். பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டாள்; சுவரில் இருக்கும் பிளக் பாயின்டைப் பார்த்துப் பேசுவாள்.

பயம் என்றால் அப்படியொரு பயம். குக்கர் விசில் அடித்தால் ஒரு அடி பின்னால் போவாள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினால், பாதி வழியில் "பிளக்கப் புடுங்கனனா?" என்று திரும்பி ஓடுவாள். ஒருமுறை அந்தத் தொல்லையே வேண்டாம் என்று இஸ்திரிப் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டுக் கோயிலுக்கே தூக்கி வந்துவிட்டாள். நற்கருணை வாங்கப் போகும்போது பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு பக்தியாக உட்கார்ந்திருப்பது அத்தனை சுலபமில்லை. அவள் கணவர் ராபர்ட் வெளியே வந்ததும், "அடுத்த வாரம் மீட்டரு பொட்டியயும் கழட்டி எடுத்துக்கினு வா" என்றார். அவள் சிரிக்கவில்லை. அது முடியுமா என்று யோசிப்பவள் மாதிரி நின்றாள்.

எல்லாம் அந்த மூக்கினால் வந்த வினை. ஒரு காலத்தில் தெருவுக்கே பெலிசியாவின் மூக்குதான் காவல். காலையில் வாசல் தெளிக்க வரும்போதே கம்பெனிக் காற்றை முகர்ந்து, "இன்னிக்கி அழுவுன முட்டை", "இன்னிக்கி பலாப்பழம்", "இது நெயில் பாலீஷு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சரியாக இருக்கும். அதை வைத்துத்தான் பலர் ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும். கொரோனா வந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பல மாதம் கழித்து வாசனை திரும்பியது, ஆனால் ஒரே வாசனையாகத் திரும்பியது. "வெங்காயம் வதக்குனாலும் கருவுது, காபி போட்டாலும் கருவுது, பவுடரு பூசுனாலும் கருவுது டீச்சர். எது நெசமா கருவுதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?" என்று என்னைக் கேட்டாள். சிதம்பரத்தில் காட்டினாள், மருந்து எழுதிக் கொடுத்தார்கள், போகப் போகச் சரியாகும் என்றார்கள். அந்தப் போகப் போக இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குள் கருகக்கூடியது எதுவுமே இருக்கக் கூடாது. அடுப்பு துடைத்த மாதிரி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு முகம் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். "பொட்டி சுத்தமா இருந்தா, வர்ற நாத்தம் வெளியிலேருந்துதான்னு தெரிஞ்சிக்கலாமில்ல? பொட்டில பிசுக்கு ஒட்டிக்கினு இருந்தா, உள்ள நாத்தமா வெளி நாத்தமான்னு கொழப்பம். கொழம்பி நிக்கிற நேரத்துல என்னா வேணா ஆயிடும்." முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டியில் பிசுக்கு ஒட்டுவதற்கோ ஆயிரம் காரணம். பீடத் துணியின் கஞ்சி பழுப்பாகப் படியும். புதுச் சட்டையில் அளவு போட்ட ஸ்டிக்கரை உரிக்காமலே கொடுப்பார்கள். பனியனில் அச்சடித்த படம் இளகி வரும். கஞ்சிக் கறை என்றால் சோடா உப்பைக் குழைத்துப் பூசி, ஊற விட்டு, ஈரத் துணியால் துடைப்பாள். பிளாஸ்டிக் ஒட்டினால் வேறு வைத்தியம். சூடு இருக்கும்போதே ஐஸ்கிரீம் குச்சியால் மெல்லத் தள்ளுவாள். கத்தி ஆகாது, கத்தி கீறும், கீறலில் அடுத்த பிசுக்கு போய் உட்காரும். மிச்சத்துக்குக் காய்ச்சல் மாத்திரையை இடுக்கியால் பிடித்து அதே சூட்டில் தேய்ப்பாள். மாத்திரை இளகிப் பாலாக ஓடும், அழுக்கு அதோடு வரும், பழைய வேட்டித் துணியால் வழித்து எடுப்பாள். ராபர்ட் இதைச் சொல்லிச் சொல்லி மாய்வார். "எனக்கு ஜொரம்னா மாத்திரை தீந்துபோச்சிங்கிறா. அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் டாண்ணு இருக்கு."

துடைத்த பிறகு பெட்டி ஆற வேண்டும். ஆறினால்தான் முகர முடியும். அதற்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஜெபமாலையை எடுத்து, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிப்பாள். மாலை முடியும்போது விரல் வைத்துப் பார்ப்பாள். பொறுக்கும் சூடு என்றால் சரி, இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. கோடைக் காலத்தில் எங்கள் கோயில் பங்கிலேயே அதிகம் ஜெபிக்கிறவள் அவளாகத்தான் இருப்பாள். ஒருநாள் கறை தேய்க்க வைத்திருந்த கல்லுப்பு தீர்ந்துபோக, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த உப்பைப் பேப்பரில் கொட்டிப் பெட்டியைத் தேய்த்துவிட்டாள். தேய்த்து முடித்ததும் பிடித்தது நடுக்கம். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். "சாமி சிரிச்சிட்டாரு டீச்சர். சிரிச்சா மன்னிச்ச மாரியா, இல்லியா?" என்று அதற்கும் பயந்தாள்.

அவள் சொல்லாத பயம் ஒன்று உண்டு. ராபர்ட் அந்த மதிலுக்கு உள்ளே ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மூட்டை பிரித்துக் கொட்டுவார், தொட்டி கழுவுவார், சொன்ன இடத்தில் நிற்பார். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடியும் வரை அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சாட்சி, காற்றில் எதுவும் வரவில்லை என்பதுதான். அந்தச் சாட்சியைத்தான் அவள் நாள் முழுவதும் என்னைப் போன்றவர்களின் மூக்கிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் தேய்க்கக் கொடுத்த புடவையை வாங்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மதிய நேரம். ராபர்ட் காலை ஷிஃப்ட். பெலிசியா, பொன்னி என்கிற காலேஜ் பெண்ணின் துப்பட்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் கல் ஒட்டிய துப்பட்டா. கல்லைத் தொடாமல் வெகு கவனமாகத்தான் போனாள். மடிப்புக்குள் ஒரு வரிசை ஒளிந்திருந்தது தெரியவில்லை. சுர்ரென்று புகை வந்தது. "மாதாவே!" என்று பெட்டியைத் தூக்கினாள். அடித்தகட்டில் பசை ஜவ்வாக இழுத்துக்கொண்டு வந்தது. கூடவே இரண்டு கற்கள் அதில் ஒட்டிக்கொண்டு மினுங்கின.

பொன்னியிடம் என்ன சொல்வது என்றுதான் நான் நினைத்தேன். அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. குச்சியை எடுத்தாள், கற்களைத் தள்ளினாள், மாத்திரையை வைத்துத் தேய்த்தாள். வேட்டித் துணி கறுப்பாகி, பழுப்பாகி, கடைசியில் வெள்ளையாகவே திரும்பி வந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். ஜெபமாலையைச் சொன்னாள், இரண்டாம் முறையும் சொன்னாள். பெட்டியை முகர்ந்தாள். முகம் கோணியது. "எனக்கு வருது. எனக்கு எப்பவும்தான் வருது. நீங்க பாருங்க."

பார்த்தேன். பெட்டியில் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்த இடத்தில், இத்தனை காலம் எனக்கு எதற்கும் உதவாத மூக்கில், பிளாஸ்டிக் கருகும் நெடி தெளிவாக ஏறியது. பெட்டியிலிருந்து இல்லை, ஜன்னல் பக்கமிருந்து. பொய் சொல்லியிருக்கலாம். என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது.

"வெளிலயா?" என்றாள்.

"பெலிசியா, அது ஒண்ணும்..."

"வெளிலயான்னு கேக்கறேன் டீச்சர்."

"ஆமா."

அவள் வாசலுக்குப் போய்க் கொடியைப் பார்த்தாள். காய்ந்துகொண்டிருந்த துணிகளெல்லாம் கம்பெனிப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் சாய்ந்து அடித்தன. ராபர்டின் போனுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. அது கேட்டில் ஒரு பெட்டியில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி கூப்பிட்டாள். சைரன் எதுவும் கேட்கவில்லை. சைரன் கேட்காதது நல்லதா கெட்டதா என்றும் புரியவில்லை.

எதிர்வீட்டுக் கொளஞ்சி அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "ஏ பெலிசி, என்னாடி நின்னுக்கினு இருக்க? துண்ட நனைச்சிக்கினு வா. அந்தாண்ட போயிடலாம்" என்று கத்தினாள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது மனப்பாடம். நாற்றம் வந்தால் துண்டை நனை, மூக்கை மூடு, காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகிப் போ. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

பெலிசியா குடத்துத் தண்ணீரில் துண்டை முக்கினாள். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று எனக்குத்தான் என்று நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. ஒன்றைத் தன் முகத்தில் கட்டிக்கொண்டாள், இன்னொன்றைப் பிழியாமல் கையில் சுருட்டிக்கொண்டாள். "நீங்க கொளஞ்சியோட போங்க டீச்சர்" என்றாள். பிறகு தெருவில் இறங்கிக் கம்பெனிப் பக்கம் திரும்பி நடந்தாள்.

குக்கர் விசிலுக்குப் பின்வாங்குகிறவள் அவள். கொளஞ்சி அக்கா பின்னாலிருந்து, "அடியே, அங்க எங்கடி போற?" என்று அலறியதை அவள் காதில் வாங்கவில்லை. நான் ஏன் அவள் பின்னால் போனேன் என்றால், வீரம் ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் போன வழியெல்லாம் மண்ணில் விழுந்திருந்தது. போகப் போக நெடி கூடியது. கண் எரிந்தது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

மதில் திரும்பும் முனையில் ஒரு பழைய இரும்புக் கடை. அதன் பின்னால் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குவியலாகப் போட்ட ஒயரைக் கொளுத்திக் கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் செம்புக்காக எரிப்பார்கள். கறுப்புப் புகை காற்றில் மடங்கி நேராக எங்கள் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பெலிசியா, பாரு! இதுதான். ஒயரு எரிக்கிறாரு. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நின்று அந்தக் குவியலைப் பார்த்தாள். எரிப்பவரையும் பார்த்தாள். "இங்கேருந்து வர்றது இது" என்றாள். "உள்ளேருந்து வர்றது எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான வருது?" சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே, சிதம்பரம் ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் நின்றோம். செக்யூரிட்டி எங்களைப் பார்த்து, "யாரும்மா, என்னா வேணும்?" என்றார். அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் என்று நினைக்கிறேன். லாரிகள் போயின. ரோட்டில் காற்று சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கே அது தெரிந்தது. அவள் முகத்தில் கட்டிய துண்டை அவிழ்க்கவில்லை.

ஷிஃப்ட் விட்டது. நீலச் சட்டைகள் கும்பலாக வெளியே வந்தன. ஒருவர் வண்டியை உதைத்தார், ஒருவர் பீடி பற்ற வைத்தார், இரண்டு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள். கடைசியில் ராபர்ட் சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "என்னா பெலிசி? என்னா ஆச்சி? வூட்ல யாருக்காச்சும் எதுனாவா?"

"ஒண்ணுமில்லைங்க, யாரோ ஒயரு எரிச்சாங்க, அந்தப் புகை" என்று நான்தான் சொன்னேன். அவர் மூச்சை விட்டார். "அட, அவ்ளோதானா" என்று சிரிக்க ஆரம்பித்தார். கூட வந்தவர்களும் நின்று பார்த்தார்கள்.

பெலிசியா இன்னொரு துண்டை விரித்தாள். அவர் பிடரியை ஒரு கையால் பிடித்து இழுத்து, மறு கையால் அந்த ஈரத்தை அவர் மூக்கோடும் வாயோடும் சேர்த்து அழுத்தினாள். "ஏ, விடு, எல்லாரும் பாக்குறாங்க" என்ற அவர் குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. சட்டையெல்லாம் தண்ணீர் வழிந்தது. அவர் சிரிப்பை நிறுத்தி, அசையாமல் நின்றார். அவள் கையை எடுக்கவில்லை.