கெங்கம்மாள் பிடுங்கிய பாதிக் கொல்லை

அதெல்லாம் கிடையாது. அண்ணன் வீட்டுக்கு வரவேண்டிய நிவாரணப் பணத்தைத் திமிரில் கெடுத்துவிட்டுப் போனவள் கெங்கம்மாள் என்று ரேஷன் கடை வரிசையில் யார் பேசினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு அந்தக் கொல்லையில் கூலிக்குக் குனிந்தவள் நான். பேசுகிறவர்களில் ஒருத்தியாவது அங்கே இருந்தாளா, கேட்டுப் பாருங்கள்.

புருஷன் செத்த பிறகு கெங்கம்மாள், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கே, அண்ணன் சீனுவாசன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பன் விட்டுப்போன புன்செய்க் கொல்லையில் பாதி அவளுடையது. நடுவில் வரப்பு இருந்ததே தவிர, பட்டா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

அவள் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கினால் எங்களுக்குத் திருவிழா. காய் ஆய்ந்ததற்குக் கூலியும் காய்தான். மற்றவர்கள் படியைத் தலை தட்டி அளப்பார்கள். அவள் கோபுரமாகக் குவித்து மடியில் கொட்டுவாள். சாயங்காலம் தெரு முழுக்கக் காய் வேகிற வாசனை. அப்படி ஒரு வாசனை இப்போது எங்கே வருகிறது?

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. காய் முற்றிய கொல்லையெல்லாம் தண்ணீர். அரசாங்கம் நிவாரணம் தரும், ஆபீசர் வந்து பார்க்கிறவரை யாரும் செடியில் கை வைக்கக்கூடாது என்று ஊரில் பேசி வைத்தார்கள். ஆபீசரைக் காணோம். எங்களுக்கு வேலையும் இல்லை. கெங்கம்மாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். காய்க்குள்ளேயே வெள்ளை வெள்ளையாக முளை.

"இன்னும் உட்டா வெதைக்குக்கூடத் தேறாது. வாங்கடி, பிடுங்கலாம்" என்றாள்.

சீனுவாசன் வரப்பில் நின்று கத்தினான். "ஏ கெங்கா, பணம் வர்ற நேரத்துல இன்னா பேஜாரு பண்ணிக்கினு கீற?"

"உம்பாதி அப்படியே இருக்கட்டும்ண்ணா. எம்பாதியதான பிடுங்கறேன்? இதுங்க வூட்ல ஒல வெச்சி எத்தினி நாளாச்சி தெரியுமா?"

"ஊருக்கே படியளக்கற மகாராணி!"

"நீயும் மடியப் புடி, உனக்கும் அளக்கறேன்."

முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

அடுத்த நாளே ஆபீசர் வந்து நின்றார். ஒரே பட்டா, பாதி பிடுங்கியாகிவிட்டது. அறுவடை முடிந்த நிலம் என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டார். சீனுவாசன் வரப்பைக் காட்டிக் காட்டிக் கும்பிட்டான், நடக்கவில்லை. பட்டாவை அவள் யோசிக்கவில்லை, வாஸ்தவம். வரப்பு இருக்கிறதே என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பெயர் திமிரா?

ஊரில் எல்லோருக்கும் பணம் வந்தபோது சீனுவாசனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் வாசலில் நிற்கும்போதுதான் சொன்னான்: "எனக்கு ஆன நஷ்டத்துக்கு உம்பாதிய எம்பேர்ல எழுதிக் குடு. இல்லன்னா இந்த வூட்ல உனக்குச் சோறு கெடையாது."

கெங்கம்மாள் அழவில்லை. குயிலாப்பாளையத்தில் இருக்கிற நாத்தனார் ஜெயம், ஆரோவில்லில் வேலை வாங்கித் தருகிறேன் என்று எப்போதோ கூப்பிட்டிருந்தாள். அங்கே போகலாமென்று கெங்கம்மாள் இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். சீனுவாசன் பெண்சாதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உடு அண்ணி" என்றவள் அண்ணனைப் பார்த்தாள். "சோறு வேணாண்ணா, நான் சம்பாரிச்சி துன்றேன். கொல்லைய மட்டும் எழுதித் தர மாட்டேன். சித்திரைல ஏர் ஓட்ட வருவேன். அதுவரிக்கும் வரப்ப நவுத்தாம வெச்சிரு."

அவள் வாசலில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.