முதுகு காட்டி நின்றவர்

இத்தாலியின் பாலெர்மோ நகருக்கு வெளியே இருந்த டொல்பின் பூங்காவில் குளம் கழுவிய மன்னார்க்காரர் அவர். ஞாயிறு பூசையில் எனக்குப் பழக்கமானவர். உப்பில் ஊறி வெளுத்த கைகள். குளத்தில் இறங்குமுன் அந்தத் தண்ணீரையே தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார்.

விலங்குகளை வதைக்கிறார்கள் என்று வாசலில் ஆட்கள் கூடிக் கத்திய பிறகு, காட்சிகளை நிறுத்திவிட்டார்கள். டொல்பின்களை வேறிடம் அனுப்பும்வரை மீன் போட இவர் மட்டும் மிஞ்சினார். ஒருநாள் பின்னேரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வழக்கமான காட்சி நேரம் வந்ததும், வெறும் இருக்கைகளைப் பார்த்து ஒரு டொல்பின் தலையைத் தூக்கியது. அவர் சட்டென்று குளத்துக்கு முதுகு காட்டினார்.

“தம்பி, நீயும் திரும்பு. பாக்காதை.”

“ஏன் அண்ணை?”

“நாங்கள் பாத்தால் அது வேலையெண்டு நினைச்சுப் பாயும். பாக்காட்டி, விருப்பமெண்டால் பாயட்டும், இல்லாட்டிச் சும்மா கிடக்கட்டும்.”

சுவரைப் பார்த்து நின்றோம். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்னால் தண்ணீர் பிளந்தது. சாய்ந்த வெயிலில் அதன் நிழல் எங்கள் தலைக்கு மேலாகச் சுவரில் எழுந்து வளைந்தது. அந்த நிழலையே பார்த்தேன். உப்புத்தண்ணீர் முதுகில் வந்து அடித்தது.

“பாஞ்சிட்டுது, என்ன?” என்று கேட்டார்.

அவர் பக்கம் திரும்பினேன். அந்த மனிதர் கண்களை இறுக மூடியிருந்தார்.